வலை ஊசியில் தைத்த ஜாக்கெட்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்து. முன் சீட்டில் கோட்டைக்குப்பத்துப் பெண்கள் இருவர். இளையவள் புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“டைலர் கடைக்கு இன்னாத்துக்குடி?”

“ஜாக்கெட்டைக் கழட்டத்தான்கா.”

“இன்னாது?”

“நேத்து கல்யாணத்துக்குப் புது ஜாக்கெட் போட்டேன். ஒரே இறுக்கம், கொக்கி நிக்கவேயில்ல. வூட்டுக்காரன் வலை ஊசிய எடுத்தாந்து, உடம்புல இருக்கறப்பவே நைலான் நூலால முடிச்சு போட்டுப் பின்னிட்டான். ‘சுறாவே தப்பிக்காது’னு பெருமை வேற.”

“அறுத்துட வேண்டியதுதானே?”

“வூட்ல இருக்கறது மீன் கத்தி. அத்த அவன் கையில குடுத்து நெஞ்சைக் காட்டச் சொல்றியா?”

“அப்ப அவனையே அவுக்கச் சொல்லு.”

“ராத்திரி ஆசையாத்தான் வந்தான்கா. விடியறவரைக்கும் முடிச்சைத்தான் நோண்டினு இருந்தான்.”