மணல் அப்பா

— மழுப்பாதே. பால்கனியில கிடக்கிறது என்னன்னு கேக்குறேன்.

— மணல் மூட்டைங்க. நகருங்க, லஞ்ச் பாக்ஸ் மூடி உங்களுக்குப் பின்னாடி இருக்கு.

— மூட்டைக்குக் கையும் காலும் இருக்குமா? அது என் யூனிஃபார்ம். நெஞ்சுல கம்பெனி பேரு கூட அப்படியே இருக்கு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல போர்வையைப் போத்திப் படுக்க வெச்சிருக்கே. ஒரு நிமிஷம் எவனோ செத்துக் கிடக்கிறான்னு நினைச்சுட்டேன். தடுக்கி விழப் பாத்தேன், தெரியுமா?

— விழுந்தீங்களா? எங்க, காலைக் காட்டுங்க. தலையில பட்டுச்சா?

— விழலை. விழப் பாத்தேன்னுதான் சொன்னேன். கையை எடு. எதுக்கு இப்படிப் பதறுறே?

— பதறலை. ஈரத் தரை, அவ்வளவுதான்.

— பேச்சை மாத்தாதே. ஒருத்தன் உயிரோட இருக்கும்போதே அவன் சட்டை பேன்ட்ல மணலை ரொப்பித் தெச்சு வெச்சிருக்கியே, இதுக்கு என்ன அர்த்தம்? என்னை உதைக்கணும்னு இருந்தா நேரா உதைச்சுடு.

— உதைக்கிறதுக்கு இவ்வளவு தையல் போடுவாங்களா? தடியான துணி, மணல் கசியாது. நீங்களும் இப்போ யூனிஃபார்ம் போடுறதில்லை. தையல்காரி மூட்டை தெச்சா கையும் காலுமாத்தான் வரும்.

— எல்லாத்துக்கும் ஒரு பதிலைத் தெச்சு ரெடியா வெச்சிருக்கே. சரி, அதை விடு. கேட்டுக்கோ, எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இருக்கு. நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தே?

— அதான் நேத்தே மன்னிப்புக் கேட்டேனே.

— எங்க போயிருந்தேன்னு சொல்லலையே. ஸ்கூல் வாட்ச்மேன் எனக்குப் போன் பண்றார். “சார், எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு, உங்க பாப்பா மட்டும் பையைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கு”ன்னு. உனக்குப் போன் அடிச்சா எடுக்கலை. உன் தையல் கடைக்குப் பக்கத்துக் கடையில கேட்டா, நீ பூட்டிட்டுப் போயாச்சுங்கிறாங்க. எங்கதான் போனே?

— இங்கதான் இருந்தேன். நம்ம மாடிப்படியில.

— மாடிப்படியிலயா?

— இத்தனை நாள் மூட்டையைக் கடையில வெச்சுத்தான் தூக்கிப் பழகினேன். நேத்து ஆட்டோவுல போட்டுக் கொண்டு வந்தேன். மூணு மாடி தூக்கிட்டு ஏற முடியுதான்னு பாக்கணும்னு தோணுச்சு. ரெண்டாவது மாடியில கால் மடங்கிடுச்சு, அப்படியே உக்காந்துட்டேன். போன் கைப்பையில, கைப்பை கீழ. மீதிப் படியில மூட்டையை எப்படியோ இழுத்துட்டு வந்தேன். அதுல நேரம் போனது தெரியலை. தப்புதான், பெரிய தப்பு. பாப்பா முகத்தைப் பாத்ததும் எனக்கே என்னை அறையணும் போல இருந்துச்சு.

— அப்போ நிறுத்துறேன்னு சொல்லு.

— இனிமே லேட்டாகாதுன்னு சொல்றேன்.

— அதை நான் கேக்கலை. இந்தத் தூக்குற வேலையை நிறுத்துறேன்னு சொல்லு. இன்னியோட.

— அது மட்டும் முடியாதுங்க.

— அப்படி என்ன வெறி உனக்கு? மழைக்காலத்துல ஆரம்பிச்ச கூத்து. பல் தேய்க்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கிறே. பாலை அடுப்புல வெச்சுட்டு சுவத்தைத் தள்ளுறே, ஏதோ அது நம்ம மேல இடிஞ்சு விழப் போற மாதிரி. துணி துவைக்கிற சோப்புத் தண்ணி டப்பாவை ரெண்டு கையிலயும் வெச்சுக்கிட்டு, பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குறே. அவ ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு வாங்கிட்டுத்தான் சொல்லுறா. அப்படித்தான் சொல்லணும்னு நினைச்சிருக்கா!

— சிரிப்பு வருது, ஆனா சிரிக்க மாட்டேன். வேற எப்போ பண்றது, சொல்லுங்க? காலையில சமையல், ஸ்கூல், கடை. சாயங்காலம் மறுபடி ஸ்கூல், பாத்திரம், ஹோம்வொர்க். எனக்குன்னு முழுசா ஒரு மணி நேரத்தை யார் வெட்டிக் குடுத்தாங்க? மீந்த துணியில ஒட்டுப் போடுற மாதிரி மீந்த நேரத்துல பண்ணிக்கிறேன்.

— இந்த வயசுல பயில்வான் பட்டம் வாங்கி எங்க மாட்டப் போறே?

— நீங்க ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறீங்க. குடியிருக்கிற வீட்டுல லிஃப்ட் இல்லை. அதைப் பாக்கும்போது நான் பரவாயில்லை.

— அதைக் குத்திக் காட்டலைன்னா உனக்குப் பொழுது விடியாதே.

— குத்திக் காட்டலைங்க. கீழ்த்தளத்துல ஒரு வீடு பாக்கலாம்னு எத்தனை தடவை கேட்டேன்? ஒவ்வொரு தடவையும் “எதுக்கு?”ன்னு கேட்டு வாயை அடைச்சீங்க.

— இப்பவும் கேக்குறேன். எதுக்கு? மூணு மாடி ஏற முடியாத கிழமா நாம?

— உங்களால ஏற முடியுதா?

— ஏறாமயா தினம் வீட்டுக்கு வர்றேன்? பறந்தா வர்றேன்?

— ஒவ்வொரு மாடியிலயும் நின்னு போன் பாத்துட்டு வர்றீங்க. பால்கனியிலேர்ந்து காது வெச்சா செருப்புச் சத்தம் கேக்கும். நிக்கும். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுக் கேக்கும்.

— சூப்பர்வைசர்னா போன் வரத்தான் செய்யும். நின்னுதான் பேசணும்.

— ஆமா, சூப்பர்வைசர். உங்க கூட வேலை பாக்குற மீசை அண்ணன் மேல ஏறி வேலை பாக்குறார், நீங்க கீழ நின்னு கை காட்டுறீங்க. உங்க டூல் பேக்கைக் கூட அவர்தான் தூக்கிட்டுப் போறாராமே.

— யார் சொன்னா? மீசை உன் கடைக்கு வந்தானா?

— பேன்ட்டைச் சுருக்கித் தரச் சொல்லிக் குடுத்துட்டுப் போனார். நானும் சுருக்கி மடிச்சு வெச்சிருக்கேன். இன்னும் வாங்க வரலை.

— வேற ஏதாவது பேசினானா?

— வேற என்ன பேசணும்? இருந்தா நீங்க சொல்லுங்க.

— ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்.

— யோசிச்சுச் சொல்லுங்க. பேச ஏதாவது இருக்கா? அடுப்பை அணைச்சுட்டேன். கேட்டுட்டுத்தான் நிக்கிறேன்.

— ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல! ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?

— ப்பா, ஏன் கத்துறே? ம்மா, என் சாக்ஸ்ல ஒண்ணைக் காணோம்.

— கட்டிலுக்கு அடியில பாரு பாப்பா. அப்பா கத்தலை, அப்பாவுக்குத் தொண்டை அப்படி.

— பாத்துட்டேன். தூசிதான் இருக்கு.

— அப்போ அலமாரியில வேற ஜோடி எடுத்துக்கோ. போ கண்ணு.

— நல்லா சமாளிக்கிறே. கேட்டுக்கோ, கடைசியாச் சொல்றேன். நான் ஆபீஸ்லேர்ந்து திரும்பி வரும்போது அந்தக் கருமம் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. கீழ கொண்டு போய்க் கொட்டிடு.

— கொட்டுறேன். ஒரு உதவி பண்ணுங்க. அதைத் தூக்கி வாசல்ல வெச்சுட்டுப் போங்க.

— நானா?

— நீங்கதான். ஒரு காலத்துல மோட்டாரைத் தோள்ல வெச்சுட்டுப் படியேறின ஆள்தானே? இது வெறும் மணல்.

— ஆபீஸுக்குப் போட்ட சட்டை. அழுக்காயிடும்.

— கழட்டிட்டுத் தூக்குங்க. கழட்டுறதும் சுலபம்தானே. எல்லாச் சட்டைக்கும் பட்டனை எடுத்துட்டு அமுக்குற பட்டன் வெச்சுத் தரச் சொன்னீங்க, வெச்சேன். எதுக்குன்னு நான் கேட்டேனா?

— அது... அவசரத்துக்குச் சௌகரியமா இருக்கும்னு.

— தூக்குங்க.

— முடியாதுன்னா முடியாது! உனக்கு ஏன் புரியலை? ஏன் சொல்றேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? இதைத் தூக்குறேன் அதைத் தூக்குறேன்னு நீ இடுப்பை ஒடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? நேத்து படியில உருண்டு விழுந்திருந்தா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாப்பாவைப் பாக்க யார் இருக்கா? இந்த வீட்டுல நிக்கிறதுக்கு வேற ஆள் ஏது?

— வேற ஆள் ஏதுன்னா கேக்குறீங்க?

— ஆமா.

— ஏன், நீங்க இல்லையா?

— நான்... நான் வேலைக்குப் போறவன். அந்த அர்த்தத்துல சொன்னேன்.

— நானும் வேலைக்குப் போறவதான்.

— வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே. வாய் தவறி வந்துச்சு.

— ரொம்ப நாளா உள்ள இருந்தது இப்போதான் தவறி வெளிய வந்திருக்கு.

— ஐ! மணல் அப்பா! மணல் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா ம்மா? சொல்லவே இல்லை!

— என்னது? என்ன சொன்னே பாப்பா?

— மணல் அப்பாதான் ப்பா. கடையில ட்ரயல் ரூம்ல இருப்பார். நான்தான் பேரு வெச்சேன், தெரியுமா? லீவு நாள்ல நான் கதவுக்கு வெளிய காவல் இருப்பேன், யாரும் உள்ள வராம.

— பாப்பா, ஷூ போட்டாச்சா?

— இரு, அவ சொல்லட்டும். உள்ள அம்மா என்ன பண்ணுவா கண்ணு?

— முதல்ல மணல் அப்பாவைப் படுக்க வெப்பா. அப்புறம் முதுகுக்குக் கீழ கையைக் குடுத்து உக்கார வெப்பா. அப்புறம் கக்கத்துல கை விட்டு இறுக்கிக் கட்டிப் பிடிச்சு, “எழுந்திருக்கலாமா, மெதுவா, பயப்படாதீங்க”ன்னு சொல்லித் தூக்குவா. ஒரு சுத்துச் சுத்தி நாற்காலியில உக்கார வெப்பா. அப்படித்தான் பண்ணணுமாம்.

— பயப்படாதீங்களா? மூட்டைக்கு எதுக்கு மரியாதை?

— ஐயோ, அம்மா மணல் அப்பாவை “வாங்க போங்க”ன்னுதான் கூப்பிடுவா. ஒரு நாள் கை வழுக்கிக் கீழ போட்டுட்டா. “அடிபட்டுச்சாங்க, அடிபட்டுச்சாங்க”ன்னு கேட்டுட்டு ஒரே அழுகை. மணலுக்கு வலிக்காதும்மான்னு நான்தான் சமாதானம் சொன்னேன்.

— இதெல்லாம் அம்மாவுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?

— நர்ஸ் ஆன்ட்டி. யூனிஃபார்ம் தெக்க வருவாங்களே, ஆஸ்பத்திரியில பெரிய பெரிய ஆளையெல்லாம் தூக்குவாங்களே, அவங்க. ப்பா, ஏன் கீழ உக்காந்துட்டே? தரை ஈரம்.

— பாப்பா, நீ போய் ஷூவைப் போட்டுட்டு வாசல்ல நில்லு. அம்மா இதோ வந்துடுறேன். கதவைச் சாத்திக்கோ.

— அப்பா அழுறாரா?

— இல்லை கண்ணு. அப்பாவுக்கு ஆபீஸ் போக மனசில்லை, அவ்வளவுதான். ஓடு.

— மீசை சொல்லிட்டானா?

— அவர் மேல கோபப்படாதீங்க, பாவம். பேன்ட்டைக் குடுத்துட்டு, “டாக்டர் என்னம்மா சொன்னார்? நரம்பு வியாதின்னா மருந்தே கிடையாதாமே”ன்னு கேட்டார். எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டார். என் முகத்தைப் பாத்ததும் அவர் முகம் செத்துப் போச்சு. அந்த வெக்கத்துலதான் பேன்ட்டை வாங்க வரவே இல்லை.

— அப்போ மழைக்காலத்துலேர்ந்தே உனக்குத் தெரியும்.

— நீங்க முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்க. நானும் தெரியாத மாதிரி எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். நீங்களாச் சொல்லுவீங்க, நீங்களாச் சொல்லுவீங்கன்னு. கையிலேர்ந்து கப் நழுவும்போதெல்லாம் இன்னிக்குச் சொல்லிடுவார்னு நினைப்பேன். “கப்பு வழவழன்னு இருக்கு”ன்னு கடைக்காரனைத் திட்டுவீங்க.

— எப்படிச் சொல்லச் சொல்றே? சொன்னா நீ இடிஞ்சு உக்காந்துடுவேன்னு பயந்தேன்.

— உக்காந்தேன். ட்ரயல் ரூம்ல ஒரு நாள் முழுக்க உக்காந்தேன். அப்புறம் எழுந்து உங்க யூனிஃபார்மைத் தேடி எடுத்தேன்.

— வேண்டாம். என்னைச் சுமக்கிறதுக்கா உன்னைக் கட்டிக்கிட்டு வந்தேன்? ஆள் யாராவது வெச்சுக்கலாம். இல்லைன்னா எங்கயாவது கொண்டு போய் விட்டுடு. நீ என்னைத் தூக்கக் கூடாது, கேட்டுக்கோ, நீ தூக்கவே கூடாது...

— சரி, அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம், பாப்பா வாசல்ல நிக்கிறா. இன்னும் எவ்வளவு நாள் நடப்பீங்கன்னு டாக்டர் சொன்னார், அதை மட்டும் மறைக்காமச் சொல்லுங்க. மணல் இன்னும் உங்க எடையில பாதி கூட வரலை, அதுக்கே நேத்து ரெண்டாவது மாடியில உக்காந்துட்டேன். மூட்டைங்கிறதால மீதிப் படியில இழுத்துட்டு வந்தேன், உங்களை இழுத்துட்டு வர முடியாதுல்ல.