படுக்கும்போது அழுத்தும் பட்டன்

டெக்னீஷியன்: ...சரி, நேத்து மூக்கு வழியா உள்ள விட்ட ட்யூப் பத்திரமா இருக்கு. இன்னிக்குக் காலையில என்னென்ன செஞ்சீங்க?

மருமகன்: எழுந்தேன். மூக்கு ட்யூப் நனையாம முகம் கழுவினேன். டீ குடிச்சேன். சட்டை மாத்தினேன். பஸ் ஏறி வந்தோம்.

மாமனார்: பஸ்ல அத்தனை பேரும் மாப்பிள்ளை மூக்கையே பாத்தாங்கம்மா. இவர் ஜன்னலைப் பாத்தார்.

டெக்னீஷியன்: ஐயா, நான் அவரைக் கேட்டேன்.

மாமனார்: அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க.

டெக்னீஷியன்: இடுப்புப் பெட்டியில பதிவானதைப் பாத்தா, சாப்பிடும்போது பட்டன் அழுத்தியிருக்கீங்க. நெஞ்சு எரிஞ்சப்போ அழுத்தியிருக்கீங்க, நிறையவே. படுக்கும்போதும்... இருங்க. இது எப்படி?

மாமனார்: எல்லாம் சரியாத்தானே இருக்கு.

டெக்னீஷியன்: இடுப்புல கட்டின பெட்டி, ஆள் சாஞ்சா சாயும். ராத்திரி பூரா நேராவே இருந்திருக்கு. நீங்க படுக்கவே இல்ல சார்.

மருமகன்: ஆமா.

டெக்னீஷியன்: அப்புறம் எதுக்குப் படுத்துட்டேன்னு அழுத்தினீங்க?

மருமகன்: நான் அழுத்தல.

டெக்னீஷியன்: பேய் வந்து அழுத்துச்சா?

மாமனார்: ...அந்தப் பேய் நான்தாம்மா.

டெக்னீஷியன்: என்னது?

மாமனார்: நாற்காலியிலயே கண்ணசந்துட்டார். பட்டன் அழுத்தலன்னா டெஸ்ட் கெட்டுடுமேன்னு மெதுவா போய்...

டெக்னீஷியன்: படுத்தா ஆசிட் மேல ஏறுதான்னு பாக்கத்தான் இவ்வளவு பாடும். ரெண்டு பேரும் என்ன விளையாடுறீங்களா? இன்னொரு நாள் ட்யூப் இருக்கணும். படுக்கணும்.

மருமகன்: வேண்டாம். கழட்டிடுங்க.

டெக்னீஷியன்: அதை டாக்டர் சொல்லட்டும், கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் ட்யூப்ல யாரும் கை வைக்காதீங்க. ஐயா, உங்களைத்தான்.

மாமனார்: ...கழட்டணுமாமே. குமட்டிக் குமட்டி உள்ள விட்டது எதுக்கு? ஒரு ராத்திரி கட்டில்ல முதுகை வைக்க முடியாதா?

மருமகன்: முடியாது மாமா.

மாமனார்: என் பொண்ணு போனதுலேருந்து அந்த நாற்காலிதான். கட்டில் மேல துணி குமிஞ்சு கிடக்கு. கேக்கக் கூடாதுன்னு வாயை மூடிட்டிருந்தேன்.

மருமகன்: இப்பவும் மூடிக்குங்க.

மாமனார்: மூட மாட்டேன்யா. என் வீட்டைப் பூட்டிட்டு உன் வீட்ல வந்து கிடக்கேன். சோத்துக்கு வழியில்லாமலா? "அப்பாவைத் தனியா விடாதே"ன்னு என் பொண்ணு கடைசியா உன்கிட்ட சொன்னாளாமே, அதுக்கு. நாளைக்கு உன் நெஞ்சும் அவ நெஞ்சு மாதிரி நின்னு போச்சுன்னா...

மருமகன்: அவ சொல்லல.

மாமனார்: எதை?

மருமகன்: அவ அப்படி எதுவும் சொல்லல. நானா கூப்பிட்டா நீங்க வந்திருக்க மாட்டீங்க. அதான் அவ பேர்ல சொன்னேன். போதுமா? வேணும்னா இன்னிக்கே கிளம்புங்க.

மாமனார்: தெரியும்.

மருமகன்: என்ன தெரியும்?

மாமனார்: நீ சொன்னது பொய்யின்னு. பொறந்ததுலேருந்து என்னை அப்பான்னு கூப்பிட்டிருக்காளா அவ? கிழவான்னுதான் கூப்பிடுவா. சாகும்போது மட்டும் மரியாதை வந்துடுமா?

மருமகன்: தெரிஞ்சே ஏன் வந்தீங்க?

மாமனார்: பொய் சொல்லிக்கிட்டே என் துணியையெல்லாம் மடிச்சுப் பையில வச்சே. அதான். இப்போ நிஜத்தைச் சொல்லு. அன்னிக்கு ராத்திரி அவ பக்கத்துல படுத்திருந்தது நீதானே.

மருமகன்: வேண்டாம் மாமா...

மாமனார்: சொல்லுடா. கடைசியா என்ன சொன்னா?

மருமகன்: "கொஞ்சம் தள்ளிப் படு. வெறும் நெஞ்செரிச்சல்தான், விடிஞ்சா சரியாயிடும்."