மிதந்த ஜல்லி

“ஜல்லி மிதக்குமா கொத்தனாரே?”

பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த வாத்தியார், பையிலிருந்து சுட்ட களிமண் உருண்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். இருவரும் பசுமலைக்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

“நேத்து என் வீட்டு மாடித் தளத்துக்குக் கருங்கல் ஜல்லிக்குப் பதிலா இதத்தான போட்டீங்க? ஒண்ண எடுத்துக் குடத்துல போட்டேன், மிதந்துச்சு.”

“இது கனமில்லாத ஜல்லி சார். சூளையில வச்சா பொரி மாதிரி உப்பிரும். உள்ள பூராம் ஓட்டை. சுவத்துக்குப் பாரம் கம்மி.”

“காலையில பாத்தா மூழ்கிக் கெடக்கு.”

“தண்ணி குடிக்கும்ல சார். அதுக்குத்தான் மொத நாளே ஊறப்போட்டு மறுநாள் சிமெண்டோட கலக்கணும். இல்லேன்னா கலவைத் தண்ணி அம்புட்டையும் இதுவே உறிஞ்சிரும். தளம் வெடிச்சுரும்.”

“நேத்து இந்த ஜல்லி லாரி எத்தன மணிக்கு வந்துச்சு?”

“பத்து இருக்கும் சார்.”

“மத்தியானமே தளத்தப் போட்டு முடிச்சிட்டீங்க. எப்ப ஊறுச்சு?”

கொத்தனார் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

“அண்ணே, நிறுத்துங்க. எறங்கணும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பசுமலைக்கு இன்னும் மூன்று ஸ்டாப் இருந்தது. உருண்டையையும் கையோடு கொண்டுபோய்விட்டார் அந்த மனிதர்.