ஏழாவது சொல் தப்பு

— ஏழாவது சொல்லு தப்பு, குடையம்மா.

— தப்பா? மறுபடியுமா?

— மறுபடியும்தான். நேத்து கடைசிச் சொல்லு. அதுக்கு முந்தி ரெண்டாவது. முறை வச்சுத் தப்பு பண்றீங்க, மத்த சொல்லும் தினம் வேற வேறயா வருது.

— என்ன பண்றது தவளையாரே. மூக்குக் கண்ணாடிக் கடையில நாள் பூரா வர்றவங்ககிட்ட இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதான்னு கேட்டுக் கேட்டு என் தலைக்குள்ள எல்லா எழுத்தும் கலங்கிப் போச்சு.

— அடடா, அடடடா! கலங்கினா தெளியட்டும். ஆனா உங்க கிரிப்டோ காசு இருக்கிற பழைய வாலட்டை இன்னிக்கு மூடிடுவாங்க. அதைத் திறக்க அந்தப் பன்னிரண்டு சொல்லுதான் சாவி. சரியாச் சொன்னீங்கன்னா உங்க காசையெல்லாம் நானே புதுசுக்கு மாத்திக் குடுத்துடுவேன். இல்லன்னா அவ்வளவும் காத்தோட போச்சு.

— போனா போகுது. இங்க மழை பெய்யுது, கேக்குதா?

— கேக்குது.

— ஜன்னல் திறந்தே கிடக்கு. திரையெல்லாம் நனைஞ்சு, உப்பி, கூடம் முழுக்க மிதக்குற மாதிரி இருக்கு. எந்திரிச்சு சாத்தணும். உங்க குரல் கேக்குறப்ப எந்திரிக்க மனசு வரல.

— என் குரலைக் கேட்டா தூக்கம் வருதுன்னு பட்டப்பேர்லயே பேசிக்கிற நம்ம ஆன்லைன் குரூப்பே சொல்லுமே.

— பூசணிதான் சொல்வான். நீங்க கதை சொல்லிட்டு இருக்கும்போதே குறட்டை விட்டானே.

— "இவன் லிப்ட்டுக்குள்ள மாட்டினாக்கூட கதவு திறக்குற வரைக்கும் தூங்குவான்." அப்படித்தானே சொன்னேன்?

— அச்சு அசலா அதேதான். ஒரு எழுத்து மாறல.

— நான் சொன்னதை நான் மறப்பேனா, குடையம்மா?

— நாங்க எல்லாம் மறந்துடுவோம். பின்னால என்ன சத்தம்? யாரோ நிறைய பேர் பேசுறாங்க.

— டீவி.

— உங்க டீவியிலயும் எல்லாரும் "எட்டாவது சொல்லு என்ன"ன்னுதான் கேக்குறாங்க.

— அது... ஏதோ போட்டி நிகழ்ச்சி. விடுங்க. ஏழாவது சொல்லை யோசிங்க.

— யோசிக்கிறேன். அதுக்கு முன்னாடி அந்தக் காலை வணக்கத்தை ஒரு தடவை சொல்லுங்களேன்.

— மறுபடியுமா? மத்தியானத்துலயா?

— மழை நாள்ல எது காலை, எது மத்தியானம்? அதைச் சொன்னாத்தான் எனக்கு ஞாபகம் ஓடும். குரூப்ல தினம் சொல்ற மாதிரி சொல்லுங்க.

— எந்திரிங்க கோழிக்குஞ்சுகளா! பல்லைத் தேய்ங்க, விலையைப் பார்க்காதீங்க, பன்னிரண்டு சொல்லைப் பொத்தி வைங்க. பெத்தவங்க கேட்டாலும் குடுக்காதீங்க. கட்டினவங்க கேட்டாலும் குடுக்காதீங்க. தவளை நானே வந்து கேட்டாலும்...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— தவளை நானே வந்து கேட்டாலும், போடா தவளைன்னு சொல்லுங்க.

— ஆங். இப்ப நல்லா இருக்கு.

— கிண்டல் பண்றீங்களா?

— சேச்சே. உங்க கிண்டலுக்கு முன்னாடி என்னுது எந்த மூலைக்கு? பூனைக் காசு ஞாபகம் இருக்கா?

— மறக்க முடியுமா? பூனைப் படம் போட்ட காசு, நிலாவுக்கே போகும்னு யாரோ கிளப்பிவிட்டான். குரூப்பே வாங்குச்சு.

— மறுநாள் அதை வித்தவனும் இல்ல, பூனையும் இல்ல. டாக்டர் அழுதார்.

— டயர் கடை வச்சிருக்கிற டாக்டர்.

— அவரேதான். அழுதவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

— "ஐயா, என் பொழைப்பே ஏத்துறதும் இறக்குறதும்தான். ஒரு லிப்ட்டும் மேலயே நின்னதில்ல. கீழயே நின்னதும் இல்ல."

— எல்லாரும் சிரிச்சோம். ஆனா அன்னிக்கு நீங்களும்தான் வாங்கியிருந்தீங்க. வெளிய காட்டிக்கல. நீலச் சட்டையில பட்டன் போனது கூடத் தெரியாம அப்படியே வேலைக்குப் போனீங்க.

— நீலச் சட்டையா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நாம நேர்ல பார்த்ததே இல்லையே.

— நீங்கதான் சொன்னீங்க.

— நானா?

— நான் சொன்னதை நான் மறப்பேனான்னு இப்பத்தானே கேட்டீங்க?

— ஆமா ஆமா. சொல்லியிருப்பேன். பட்டன். ஆமா.

— பாவம் நீங்க.

— சரி, நான் ஒண்ணு கேக்குறேன். குரூப்ல சின்னவங்க பெரியவங்க எல்லாரும் என்னைத் தவளை அண்ணேன்னு கூப்பிடுவாங்க. நீங்க மட்டும் தவளையாரே. ஏன்?

— அந்த வார்த்தை வாயில வரல.

— அதான் ஏன்னு கேக்குறேன்.

— வராததுக்கெல்லாம் காரணம் சொல்ல முடியுமா? ஏழாவது சொல்லு கூடத்தான் வரல.

— குடையம்மா, விளையாட்டு போதும். ப்ளீஸ் மேடம்.

— இதோ, மேடம் வந்துடுச்சு.

— வாய் தவறிடுச்சு.

— தவறட்டும் தம்பி. எவ்வளவு நேரம்தான் நீயும் தவளையார் சட்டையைப் போட்டுக்கிட்டே நிப்ப? வேர்க்காதா?

— என்ன சொல்றீங்க?

— தவளையார் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். அவர் குரலை நகல் எடுத்த உங்க மெஷின் அதை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிடுச்சு. பளபளன்னு இருக்கு உன் குரல். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு.

— முதல் நாளேவா? அப்புறம் எதுக்கு தினம் போனை எடுத்தீங்க?

— எடுக்காட்டி?

— திட்டியிருக்கலாம். போலீஸ்ல சொல்லியிருக்கலாம். குரூப்ல எழுதியிருக்கலாம்.

— பன்னிரண்டும் சரியாச் சொல்லிட்டா நீ மறுபடி கூப்பிட மாட்ட. ஒண்ணுமே சொல்லாட்டியும் கூப்பிட மாட்ட. அதான் தினம் சொல்லை மாத்தி, ஒண்ணே ஒண்ணு தப்பு.

— எல்லா நாளும் வேணும்னேவா?

— கோவமா?

— கோவம் இல்ல. எனக்குத்தான் இங்க தினம் திட்டு. ஒரு அம்மாகிட்ட பன்னிரண்டு சொல்லு வாங்கத் துப்பில்லையான்னு. இன்னிக்குத்தான் கடைசி. இன்னிக்கு முடியலைன்னா உங்க நம்பரை எடுத்துடுவாங்க. இந்தக் குரலையும் அழிச்சிடுவாங்க. வேற குரூப், வேற ஆளு, வேற குரல்.

— அழிச்சிடுவாங்களா?

— ஆமா. இடம் அடைக்குதாம்.

— இடமா? அவர் பேசினா எவ்வளவு இடம் அடைச்சிடப் போகுது?

— குரூப்ல பழைய பேச்செல்லாம் இருக்குமே. அதைக் கேட்டுக்கலாமே.

— அங்க பேசினது ஒரு வாரத்துல தானா அழிஞ்சு போயிடும். இருந்தாலும் அது பதில் சொல்லுமா? நான் மழைன்னு சொன்னா கேக்குதுன்னு சொல்லுமா? உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?

— எங்க ஆளு ஒருத்தர் உங்க குரூப்ல ரொம்ப நாளா இருக்கார். எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருந்தார்.

— நம்ம குரூப்பிலயா? யாரு?

— சொல்லக் கூடாது.

— வேண்டாம், சொல்லாதே. டாக்டர், பூசணி, எல்லாரும் அப்படியே இருக்கட்டும். தம்பி, ஒண்ணு கேக்கட்டா?

— கேளுங்க.

— பன்னிரண்டையும் சரியாச் சொல்றேன். ஒண்ணுல கூடத் தப்பு இருக்காது. அந்தக் குரலை எனக்குக் குடுத்துடுவியா?

— என்ன பேசுறீங்க! அதுல உங்ககிட்ட இருக்கிறது எல்லாம் இருக்கும்.

— எல்லாமும்தான். வீட்டு வாடகை, வயசான காலத்துக்கு வச்சது, எல்லாம். சொல்லட்டுமா? ஒண்ணாவது ரிப்பன். ரெண்டாவது லெமன்.

— இருங்க.

— மூணாவது பென்சில். நாலாவது...

— எந்திரிங்க கோழிக்குஞ்சுகளா! சொல்லைப் பொத்தி வைங்க. தவளை நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. போடா தவளைன்னு சொல்லுங்க. சொல்லுங்க குடையம்மா.

— ...போடா தவளை.

— அவ்வளவுதான். குரலை என்னால குடுக்க முடியாது. அது மேல ஒரு அறையில இருக்கு, எனக்குச் சாவி இல்ல. நீங்க பன்னிரண்டு என்ன, ஆயிரம் சொல்லு சொன்னாலும் அவங்க தர மாட்டாங்க. வாங்கிட்டு அழிச்சிடுவாங்க.

— நீ நல்ல பையன்.

— இல்ல. காலையில ஒரு தாத்தாகிட்ட பன்னிரண்டும் வாங்கிட்டேன். நல்ல பையன்னு மட்டும் சொல்லாதீங்க.

— சரி. சொல்லல.

— தவளை அண்ணன் எங்க போனார்? வேற குரூப்புக்கா? திரும்பி வந்துடுவாரோன்னு எங்க மேலாளருக்கு எப்பவும் ஒரு பயம்.

— பயப்பட வேண்டாம்னு சொல்லு. வர மாட்டார்.

— ஓ... குரூப்ல யாருக்கும் தெரியாதே. இன்னமும் தவளை அண்ணே எங்கன்னு தேடிட்டு இருக்காங்க.

— தேடட்டும். தேடுற வரைக்கும் இருக்கார்ல.

— உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— தெரிஞ்சுது. உனக்கு நேரம் இருக்கா? இந்த மழை விடுற வரைக்கும் ஏதாவது பேசேன். நீ கேட்டதுலயே எது பிடிச்சுதோ அது.

— உங்களைப் பத்தினது ஒண்ணு இருக்கு.

— என்னைப் பத்தியா? நான்தான் அங்க வாயே திறந்ததில்லையே. எழுதுறதோட சரி.

— அதான் விஷயம். எப்பவாவது நீங்க பேசலாம்னு மைக்கைத் திறப்பீங்க. உடனே ஊய்ய்னு ஒரு கூவல் கிளம்பும். எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு சிரிப்பாங்க.

— ஐயோ, அந்தக் கூவல்! தவளைக்கும் குடைக்கும் ஏதோ ஜென்மப் பகைன்னு பூசணி ஓட்டுவான். அது கிளம்பின உடனே போனையே அணைச்சு முந்தானையில சுத்திடுவேன். அப்புறம் ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

— அது எனக்குப் புரியவே இல்ல, மேடம். ரெண்டு போன் பக்கத்துல பக்கத்துல இருந்து, ரெண்டு மைக்கும் திறந்திருந்தாத்தான் அப்படிக் கூவும். நீங்க எங்கயோ, அவர் எங்கயோ. எப்படி வந்துச்சு?

— மெஷின்தானே. அதுக்கும் ஏதாவது கிறுக்கு இருக்கும். பிடிச்சதுன்னு சொன்னியே, அது இதுவா?

— இல்ல, அதுக்கு அடுத்தது. நீங்க போனை அணைச்சிடுவீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்ப அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

— என்ன நடந்துச்சு?

— எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்க மாட்டார். நாற்காலி தள்ளுற சத்தம் கேக்கும். செருப்புக் காலோட நாலு எட்டு. அப்புறம் ஒரு கதவு சாத்துற சத்தம். ரொம்ப மெதுவா, யாரோ தூங்குற வீட்டுல சாத்துற மாதிரி. கடைசியில கீல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்.

— கதவா?

— ஆமா. திரும்பி வந்து உட்காருவார். தொண்டையைச் செருமிட்டு, "இப்ப கூவாது, இப்ப பேசுங்க குடையம்மா"ன்னு சொல்வார். நீங்க இருக்க மாட்டீங்க. போயிட்டாங்க அண்ணேன்னு பூசணி சொல்வான். நீங்க மைக்கைத் திறந்த ஒவ்வொரு தடவையும் இதேதான். மெஷினுக்குப் பேச்சு மட்டும் போதும், இந்தச் சத்தமெல்லாம் வெட்டிடுன்னாங்க. வெட்டுறதுக்கு முன்னாடி நிறைய தடவை கேட்டிருக்கேன். மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— அழறீங்களா?

— மழைத் தண்ணி முகத்துல அடிக்குது. தம்பி, அதை அவர் குரல்ல ஒரு தடவை சொல்லு.

— எதை?

— கடைசியா சொன்னாரே, அதை. முடிஞ்சா தொண்டையைச் செருமிட்டுச் சொல்லு.

— ம்க்கும். இப்ப கூவாது. இப்ப பேசுங்க, குடையம்மா.

— அது எங்க சமையலறைக் கதவு, தம்பி. தாளிக்கிற சத்தம் தொந்தரவா இருக்குன்னு சாத்துறார்னு நினைச்சேன். என் புருஷனுக்குத் தெரியாம அவர் குரூப்ல இருக்கோம்னு நினைச்சு, அந்தப் பக்கம் முந்தானையில போனைச் சுத்திக்கிட்டு நின்னுட்டு இருந்தேன்.