சாட்சிக்கு இன்னும் மூன்று நாள்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், இன்ஸ்பெக்டர். நல்ல பெண், முகம் சுளிக்காமல் வேறு போட்டுக்கொண்டு வந்தாள்.

போத்தனூரில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவி நான். அன்புக்கரசி என்றால் எல்லோருக்கும் தெரியும். மறைவான பாடுகளை ஞானத்தோடு சுமப்பது எப்படி என்று போன மாதக் கூட்டத்தில் பேசினேன். பாதிப் பேர் அழுதார்கள். அதைக் கேட்டுத்தான் என் மருமகள் மதிவதனி அன்று அடுப்படியில் வந்து நின்றாள்.

"அத்தைங்க, எனக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு இருக்குதுங்க. மாத்திரை போடறதால ரெண்டு வருசமா வரலீங்க. உங்க பையனுக்குத் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம் கண்ணு. நான் ஜெபத்துல வெச்சுக்கறேன்," என்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மகன் மோகன்குமாருக்கு இன்னும் தெரியாது, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அவன் பார்த்தாலும் சந்தேகப்படக்கூடாது என்று, மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்துப் பழைய கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

என் கடுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் தேய ஜெபித்திருக்கிறேன். நேற்று சபைக்கு வந்தவள், தன் மகனுக்குக் கனடா விசா கிடைத்ததென்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொல்கிறாள். அன்புக்கரசியம்மா ஜெபித்தார், சுகமானேன் என்று சொல்ல ஓர் ஆள் உண்டா? இலவு காத்த கிளியாக முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

மதிவதனிக்கு நோய் தீர்ந்தே இருக்கலாம். மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் அது எப்படித் தெரியும்? பெயர் டாக்டருக்குத்தானே போகும்? டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, மெடிக்கலில் கால்சியம் மாத்திரை வாங்கி நிரப்பினேன். நிறமும் அளவும் ஏறக்குறைய அதேதான். டப்பாவின் மேல் எழுதியிருந்ததுதான் உள்ளே இருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை.

பத்தொன்பது நாள் எதுவும் வரவில்லை. அறுப்பின் பண்டிகையன்று சாட்சி சொல்ல அவள் பெயரைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன். பண்டிகை ஞாயிறு காலையில் மாத்திரையை மாற்றிய விஷயத்தைச் சொன்னால் சந்தோஷத்தில் அவளே மைக்கிடம் ஓடுவாள் என்று நினைத்தேன். சுகமான பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை வந்தாள். "அத்தைங்க, கை வெட்டி வெட்டி இழுக்குதுங்க. மாத்திரை கேக்க மாட்டீங்குது போலீங்க. டாக்டரைப் பாத்துட்டு வாரேனுங்க."

"திங்கக்கிழம போலாம் அம்மணி. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஞாயிறு சாட்சிக்கு இன்னும் மூன்று நாள்தான். அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் பத்தொன்பது நாளும் வீண்.

சனிக்கிழமை காலை, மறுநாள் அவள் கட்டவேண்டிய வெள்ளைப் புடவையை மாடியில் காயப்போடச் சொன்னேன். எங்கள் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அவள் இழுத்துக்கொண்டு கீழே விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

டப்பாவில் மாத்திரையை மாற்றியதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டீர்கள். என்னைத் தவிர யாருமில்லை. மாற்றியது நான், இழுக்கிறது என்று தெரிந்தும் மாடிக்கு அனுப்பியது நான். அவள் விசுவாசம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன்?

மணி ஒன்றாகப் போகிறது. என் பையில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாக வேண்டும். ஒரு வேளை தவறினாலும் எனக்கு ஆகாது.