டீச்சருக்கு மெடல்

மலாயாவில் அவசரகாலம். மெர்லிமாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"நமக்கு வகுப்பு எடுத்த டீச்சருக்கு மெடலாம்க்கா."

"எதுக்காம்?"

"மீனு, காயெல்லாம் மாசக்கணக்கா கெடாம வைக்கக் கத்துக் குடுத்ததுக்கு."

"காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போயிடும்னு பால் டின்னயே சீக்கிரம் கெட்டுப்போக ஓட்டை போட்டுத்தான் விக்கிறான். நல்ல நேரம் பாத்துக் கத்துக் குடுத்தாங்க!"

"நம்மகூட வகுப்புக்கு வந்த அஞ்சலை மட்டும் சொன்னபடியே ஜாடி ஜாடியா செஞ்சு வச்சா."

"அதனாலதானே போலீஸ் புடிச்சிது, நாம லாக்கப்புக்கு அலையறோம்!"

"வெறுங்கையோடவாக்கா போறது? கொஞ்சம் சோறாச்சும்..."

"சோத்தோட போனா ரோட்டுச் சோதனையிலயே நம்மளையும் புடிச்சி வைப்பான்லா. அப்புறம் டீச்சருக்கு இன்னொரு மெடல் குடுப்பாங்க."