சூளைக்குள் தனியாக ஒரு கோப்பை

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நான் எத்தனை நிமிடம் பேசப்போகிறேனோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் நூலக அலுவலர் அவர்களே! சனிக்கிழமை தவறாமல் எங்கள் பன்னிரண்டு பேரின் குறும்பையும் குளறுபடியையும் பொறுத்துக்கொண்ட மண்பாண்டப் பயிற்சியாளர் அவர்களே! வயதை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

கதவோரம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். யார் எப்போது நழுவுவார்கள் என்பது கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

கீழ்த்தளத்தில் எங்கள் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தானே மேலே வந்தீர்கள்? கோணல் கிண்ணம் கண்டீர்கள். சாய்ந்த சாடி கண்டீர்கள். மூடிக்கும் வாய்க்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லாத ஒரு சாடியும் கண்டிருப்பீர்கள். "இதையுமா காட்சிக்கு வச்சிருக்காங்க?" என்று ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா, அந்தச் சாய்ந்த சாடி அடியேன் செய்தது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

நான் இந்தப் பட்டறைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நானாக வரவில்லை, அனுப்பப்பட்டேன். ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் மளிகைப் பட்டியலைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த வீட்ல மிச்சமிருக்கிற ஒரே மாணவி நான்தான். எனக்கு வருஷம் பூரா பரீட்சை. கொஞ்ச நாளைக்கு நீங்க எங்கயாச்சும் போய்க் கத்துக்கிட்டு வாங்களேன்!"

மறுநாளே பெயர் கொடுத்தேன். வேறு வழி?

முதல் நாள் எப்படி இருந்தது தெரியுமா? முழங்கை வரை மண். மூக்கு நுனியில் மண். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போனால் அதிலும் மண்! என் வலப்பக்கம் பூட்டுச் சாவி செய்யும் ஒருவர். அவரைப் பூட்டுக்காரர் என்றே அழைப்போம். இடப்பக்கம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. எங்களைவிட மிக இளையவரான பயிற்சியாளர் என்னை "சார்" என்றார். நான் அவரை "டீச்சர்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கு முப்பது வயது குறைந்தது. ஆம், நண்பர்களே! மற்றொருவரை டீச்சர் என்று அழைக்கும் நொடியில் மனிதன் மறுபடியும் மாணவன் ஆகிறான். அதற்கு எந்த மருந்துக்கடையிலும் மருந்து கிடையாது. அந்தச் சகோதரியே சொல்லிவிட்டார்.

அவரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்ததே.

நாங்களெல்லாம் பொழுதுபோக்கப் போனோம். பூட்டுக்காரர் பேனா வைக்கும் குவளை செய்தார். நான் யானை செய்தேன். அந்தச் சகோதரி மட்டும் முதல் வாரத்திலிருந்து ஒரே பொருளைத்தான் செய்தார்: இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு கோப்பை. செய்வார், பார்ப்பார், பிசைந்து உருண்டையாக்கிவிட்டு மறுபடியும் செய்வார்.

பூட்டுக்காரர் கேட்டார்: "ஏம்மா, ஒரு கப்புக்கு எதுக்கு ரெண்டு காது? டீ குடிக்கவா, டீ பேசுறதைக் கேக்கவா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்: "வீட்டுக்காரருக்குண்ணே. இருபது வருஷம் பஸ் ஓட்டினவர். இப்ப ரெண்டு கையும் நடுங்குது. ரெண்டு வருஷமா நான்தான் கரண்டியால டீ கொடுக்கறேன். கடையில மூடி போட்ட பிளாஸ்டிக் கப் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். 'நான் என்ன கைக்குழந்தையா?'ன்னு தள்ளி வச்சிட்டார். அவர் கைக்குச் சரியா, பெரியவங்க வச்சுக் குடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்ணே. அவரா எடுத்து, அவரா குடிக்கணும்."

பூட்டுக்காரர் அதற்குப் பிறகு காதைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் அனைவரும் அன்றிலிருந்து அந்தக் கோப்பையின் உறவினர்கள் ஆனோம்.

மூன்றாவது வாரம் கோப்பை முடிந்தது. அழகென்றால் அழகு, அப்படி ஓர் அழகு! என் யானையும் முடிந்தது. இங்கேதான், தாய்மார்களே, உங்கள் முன்னால் நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு மின்சூளை. பீரோ அளவு இருக்கும். மாதத்துக்கு ஒரு முறைதான் மூட்டுவார்கள். பன்னிரண்டு பேரின் பொருள்களும் அதற்குள் தோளோடு தோள் உட்கார்ந்து வேக வேண்டும். அதனால் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்: "சார், யானை வயித்தைக் குடைஞ்சு எடுங்க. அடியில ஒரு ஓட்டை விடுங்க. உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளிய போகணும். வழி இல்லேன்னா வெடிச்சிடும்."

குடைந்தேன். ஓட்டையும் விட்டேன். ஆனால் வீட்டுப்பாட நோட்டில் ஒரு மைப்பொட்டைக்கூடப் பொறுக்காதவன் நான். யானையின் வயிற்றில் ஓட்டையா? அசிங்கமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஓர் உருண்டை மண்ணை எடுத்து, அந்த ஓட்டையை அழகாக அடைத்து, ஈரத்துணியால் வழவழவென்று தடவிவிட்டேன்.

கதவோரம் ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளுங்கள் ஐயா! நீராவிக்கு வழி இல்லாவிட்டால் பாத்திரம் வெடிக்கும் என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் படம் போட்டுப் பாகம் குறித்துப் பாடம் நடத்தியவன் இந்த ஆள்தான்!

அடுத்த சனிக்கிழமை சூளையைத் திறந்தார்கள். உள்ளே என் யானை இல்லை. யானை இருந்த இடத்தில் சில்லுகள் சிதறிக் கிடந்தன. அந்தச் சில்லுகள் பறந்து போய்ப் பக்கத்தில் இருந்ததைத் தாக்கியிருந்தன. பக்கத்தில் இருந்தது எது? அந்தக் கோப்பை. ஒரு கைப்பிடி உடைந்து கீழே கிடந்தது. வயிற்றில் நீளமாக ஒரு விரிசல்.

"எதுவோ வெடிச்சிருக்கு. சில்லெல்லாம் கலந்து கிடக்கு, யாரோடதுன்னு தெரியலையே" என்றார் டீச்சர்.

வகுப்பில் கண்ணாடி உடைந்தால், "யார் செய்தது? எழுந்து நில்!" என்று இடிபோல் முழங்கிய இதே வாய், அன்று மூடிக்கொண்டது. எத்தனை நொடி இருக்கும்? பத்து நொடி. என் பணிக்காலத்தைவிட நீளமான பத்து நொடி.

பூட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "என்னோட குவளையாத்தான் இருக்கும் டீச்சர். அடி தடிமனா வச்சிட்டேன்."

அவருடைய குவளை மேல்தட்டில் முழுசாக இருந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார், செய்தவன் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். மாணவன்போலவே தூக்கினேன். "டீச்சர், அது என் யானை. ஓட்டையை நான் அடைச்சிட்டேன்."

அந்தச் சகோதரி என்னைப் பார்த்தார். "சார், இன்னிக்குக் கொண்டாந்து காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சட்டை மாத்திக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருப்பார். போய் நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

எந்தப் பாடநூலிலும் அதற்குப் பதில் இல்லை. "நான் செஞ்சு தர்றேம்மா" என்று உளறினேன்.

"வேணாம் சார், நீங்க ஏற்கெனவே செஞ்சது போதும்!" என்றார். கோபத்தோடுதான் சொன்னார். ஆனால் என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பின்னாலேயே இன்னொன்றும் சொன்னார்: "வேணும்னா மண்ணைப் பிசைஞ்சு கொடுங்க. காத்து துளிகூட நிக்கக் கூடாது."

பிசைந்தேன், நண்பர்களே! தோள் வலிக்கப் பிசைந்தேன். தோள் வலியை மறந்து பிசைந்தேன். "சார், அது மண்ணு, போதும் விடுங்க" என்று பூட்டுக்காரர் பிடுங்கும் வரை பிசைந்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சகோதரி தனியாக வரவில்லை. உடைந்த செய்தியைக் கேட்ட கணவர், "நானும் வந்து பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாராம். சட்டைப்பைக்குள் கைகளை மறைத்தபடி வந்து ஓரமாக நின்றார். கோப்பையின் உடல் தயாராக இருந்தது. கைப்பிடிகளை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். மண் இன்னும் மெத்தென்று இருந்தது.

டீச்சர் கூப்பிட்டார்: "சார், ஒரு தடவை பிடிச்சுப் பாருங்களேன்."

"என் கை ஆடும்மா. கெட்டுப்போயிடும்."

"ஆடட்டும் சார். எப்படி ஆடுதோ அப்படியே பிடிங்க."

சட்டைப்பையிலிருந்து கைகள் வெளியே வந்தன. நடுங்கின. நடுங்கிக்கொண்டே இரு கைப்பிடிகளையும் பற்றின. அவர் மனைவி கோப்பையின் அடியைத் தாங்கிக்கொண்டார். விரல்கள் மண்ணில் அழுந்தின. நடுக்கம் அங்கேயே அச்சாகப் பதிந்தது. அவர் கையை எடுத்தபோது, கைப்பிடி முழுக்க அலையலையாகப் பள்ளங்கள். மறுபடியும் பிடித்தார். ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது!

"அட, ஸ்டீயரிங் மாதிரி நிக்குதே!" என்றார் அவர். இரண்டு ஆண்டுகளில் அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று அந்தச் சகோதரி பிறகு எங்களிடம் சொன்னார்.

சூளை மூட்டும் நாள் வந்தது. எல்லாரும் அவரவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். பூட்டுக்காரர் தன் புதிய குவளையைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். "இந்த மாசம் என்னோடது வேகலேன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. கப் மட்டும் தனியாப் போகட்டும்" என்றார். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர் வைத்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. பதினொரு பேரின் ஒரு மாத உழைப்பு அலமாரிக்குத் திரும்பியது. அந்தப் பெரிய சூளைக்குள் ஒற்றைக் கோப்பை, சிறப்பு விருந்தினர்போல நடுநாயகமாக அமர்ந்து வெந்தது!

முழுசாக வந்தது. மெருகு பூசி மீண்டும் சுட்டபோதும் முழுசாகவே வந்தது. அன்று பட்டறை மேசையிலேயே தேநீர் ஊற்றினோம். முக்கால் கோப்பை. பன்னிரண்டு பேரும் வேறெங்கோ பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்தோம். அவர் இரு கைகளாலும் பற்றினார். கை நடுங்கியது, கோப்பையும் நடுங்கியது, ஆனால் நழுவவில்லை. உதடு வரை சென்றது. மேசையில் நாலைந்து சொட்டு சிந்தியது. சிந்தினால் என்ன? நாங்கள் சிந்தாமலா குடிக்கிறோம்? கடைசித் துளிவரை குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்:

"இன்னொரு கப் கிடைக்குமா?"

அந்தச் சகோதரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கரண்டியால கொடுக்கறப்ப பாதியிலேயே போதும்னுடுவார் சார். ரெண்டு வருஷத்துல இன்னும் வேணும்னு கேட்டதே இல்ல" என்றார்.

அவையோரே! கை எதற்கு இருக்கிறது? கைபேசியைத் தேய்க்க மட்டுமா? கையெழுத்துப் போட மட்டுமா? கட்டிக்கொண்டு நின்று அடுத்தவர் வேலையில் குறை சொல்ல மட்டுமா? மண்ணைத் தொடுங்கள், மரத்தைத் தொடுங்கள், நூலைத் தொடுங்கள், வண்ணத்தைத் தொடுங்கள்! "எனக்குக் கை வராது" என்கிறீர்களா? நடுங்கும் கைக்கு வந்தது. "வயசாகிவிட்டது" என்கிறீர்களா? என்னைப் பாருங்கள். "தப்பாகப் போய்விட்டால்?" என்கிறீர்களா? போகும். கட்டாயம் போகும். போனால் கையைத் தூக்கி ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் மண் பிசையச் சொல்வார், ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். நான் அங்கே ஒரு நல்ல சாடிகூடச் செய்யவில்லை. ஆனால் அறுபது வயதுக்கு மேல் பதினொரு நண்பர்களைச் சம்பாதித்தேன். இதைவிடப் பெரிய தேர்ச்சி எந்த மதிப்பெண் பட்டியலில் உண்டு?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

இடம் தந்த நூலகத்துக்கு நன்றி. பொறுமை தந்த பயிற்சியாளருக்கு நன்றி. என்னை வீட்டைவிட்டுத் துரத்திய என் இல்லத்தரசிக்கு இரட்டிப்பு நன்றி. கடைசிவரை நழுவாமல் நின்ற கதவோர நண்பர்களுக்குத் தனி நன்றி.

அடுத்த அணிக்கான பதிவேடு கீழே படிக்கட்டருகே மேசையில் இருக்கிறது. முதல் வரியில் ஒரு பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எழுத்து கொஞ்சம் அலையலையாக இருக்கும்; அந்த ஓட்டுநர் இன்று காலையில் தன் கையாலேயே எழுதியது. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. இறங்கிப் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.

வாழ்க உங்கள் கைகள்! வணக்கம்.